குறையில்லாத எலும்பு

கழிவுக் கூண்டின் பூட்டு மூன்று அடிக்கும் மசியவில்லை. மங்கையர்க்கரசி சூளைக் கம்பியை இரண்டு கையாலும் ஓங்கி நான்காவது அடியை இறக்கினாள். பூட்டு தெறித்துப் போய் இரும்பு டிரம்மில் மோதி 'ணங்' என்றது.

"யக்கா! கேமரா பாக்குதுக்கா!" அடுத்த மேடையில் அச்சு கழுவிக்கொண்டிருந்த அஞ்சுகம் அலறினாள்.

"பாக்கட்டும். இடது பக்கமாத்தான் நிக்கிறேன், போட்டோவுல நல்லா விழுவேன்."

சொல்லிக்கொண்டே கூண்டுக்குள் இடுப்பு வரை நுழைந்து, சிவப்புச் சீட்டு ஒட்டிய பெட்டிகளைப் புரட்டினாள். ஐம்பத்து நான்கு வயது. விருத்தாசலம் பீங்கான் பேட்டையின் கடைசி வரிசையில் இருக்கும் 'வளரெலும்பு' தொழிற்சாலையில் உறைவுப் பிரிவுக்குத் தலைவி. இருபத்தைந்து வருஷ சர்வீஸில் ஒரு ஆணியைக்கூட வெளியே கொண்டு போனதில்லை. இன்றைக்கு ஒரு தொடை எலும்பைத் திருடப் போகிறாள்.

கிடைத்துவிட்டது. ஆர்டர் 3180, இரண்டாம் வார்ப்பு. ஒரு சாண் நீளம். வெள்ளை வெளேரென்று இருந்தது. சிவப்புச் சீட்டில் எந்திரம் அச்சடித்த காரணம்: 'அடிப்பரப்பில் ஊசித்துளை, 0.4 மி.மீ. நிராகரிக்கப்பட்டது.'

ஒவ்வொரு ஆர்டருக்கும் இரண்டு எலும்பு வார்ப்பது வழக்கம். இதன் ஜோடியான முதலாம் வார்ப்பில் துளை இல்லை. 'குறை: பூஜ்யம்' என்ற பச்சைச் சீட்டோடு அது காலை ஏழு மணிக்கே மருத்துவமனைக்குப் போய்விட்டது. பதினொரு மணிக்கு அதை ஒரு பெண்ணின் தொடைக்குள் வைத்துத் தைக்கப் போகிறார்கள்.

இப்போது மணி ஒன்பது ஐம்பத்திரண்டு.

"அஞ்சு, சாட்சிக் குச்சி ரெண்டையும் எடு. சீக்கிரம்!"

ஒவ்வொரு எலும்பை வார்க்கும்போதும், அதே தட்டின் மேல், அதே குழம்பில், விரல் தடிமனில் ஒரு குச்சியும் வார்ப்பார்கள். எலும்பு ஊருக்குப் போகும்; குச்சி ஆலையிலேயே தங்கும். பின்னால் ஏதாவது வழக்கு, வம்பு என்றால் அதுதான் சாட்சி. அந்தக் குச்சியை நாக்கில் வைத்துப் பார்ப்பது உறைவுப் பிரிவுப் பெண்களின் பழக்கம். நல்ல வார்ப்பு எச்சிலை உறிஞ்சி நாக்கைப் பிடித்துக்கொள்ளும். 'சுகாதாரக் கேடு' என்று போர்டு எழுதி மாட்டியும் பழக்கம் போகவில்லை.

ஒரு மணி நேரம் முன்னால், பச்சைச் சீட்டு எலும்பின் குச்சியை மங்கை நாக்கில் வைத்தாள். ஒட்டவில்லை. டீ தம்ளர் விளிம்பு மாதிரி வழுக்கிக்கொண்டு போனது.

சிவப்புச் சீட்டு எலும்பின் குச்சியை வைத்தாள். 'சப்'பென்று பிடித்துக்கொண்டது. பிய்த்து எடுக்க வேண்டியிருந்தது.

உடனே மாடிக்கு ஓடினாள். தர மேலாளர் அறை உள்ளே தாழிட்டிருந்தது. 'ஒரு குறையும் இல்லாத ஆலை' என்ற உலகச் சான்றிதழுக்காகத் தணிக்கையாளர்களோடு திரையில் பேச்சு. யாரும் தொந்தரவு செய்யக் கூடாது. மருத்துவமனைக்குப் போன் போட்டாள். எடுத்தது எந்திரக் குரல். 'உறுப்பைத் திரும்பப் பெற, ஆலையின் தர மேலாளர் ஒப்புதல் எண்ணைச் சொல்லவும்.' ஆபரேஷன் செய்யும் டாக்டரின் போன் தியேட்டர் வாசலில் லாக்கருக்குள் இருந்தது.

கடைசியாகத்தான் சூளைக் கம்பியை எடுத்தாள்.

*

கம்பெனியின் தானியங்கி வண்டிகள் சிவப்புச் சீட்டை மோப்பம் பிடித்துவிடும். நிராகரித்த சரக்கை ஏற்றினால் நகராது. ஸ்டியரிங் வைத்த வண்டி அந்தப் பேட்டையிலேயே ஒன்றுதான் பாக்கி. சவரிமுத்துவின் லோடு ஆட்டோ. களிமண் ஏற்றுவது.

"எங்கக்கா?"

"நெய்வேலி எலும்பு ஆஸ்பத்திரி. முக்கா மணி நேரத்துல."

"இது மண்ணு தூக்குற வண்டிக்கா. எலும்பு கழண்டுக்கும்."

"யாரு எலும்பு?"

"நம்ம எலும்புதான்!"

"கழண்டா நான் புதுசு செஞ்சு தரேன். ஓட்டு."

ஆட்டோ கேட்டைத் தாண்டியது. வாசல் கல்வெட்டில் வெண்கல எழுத்துகள் வெயிலில் மின்னின: 'உலகுக்கு நடை தந்த கலவை எண் 17.' சவரி கடலூர் சாலையில் திரும்பி, முந்திரித் தோப்புகளுக்கு நடுவே வண்டியை விரட்டினான். மங்கை எலும்புப் பெட்டியை மடியில் இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

"பெரிய திருட்டாக்கா?" சவரி கண்ணாடியில் பார்த்துக் கேட்டான்.

"இது போவலைன்னா ஒரு பொண்ணுக்குக் கால் போயிடும். செம்பருத்தின்னு பேரு, மங்கலம்பேட்டை. இருவது வயசு. கபடி ஆடுற பொண்ணு. லாரி ஏறித் தொடை எலும்பு தூளாயிடுச்சி. ஆர்டர் தாளோட போட்டோ வந்திச்சி. கையைத் தூக்கிக்கிட்டு ரெய்டு போற போட்டோ."

"அதான் காலையில ஒண்ணு போயிடுச்சே?"

"அது பொம்மைடா. பாக்க எலும்பு மாதிரி இருக்கும்."

"ரெண்டும் ஒரே மாவுதானே?"

"மாவு ஒண்ணுதான். ஐஸு வேற."

"எலும்புல ஏதுக்கா ஐஸு?"

மங்கை அவன் முதுகைப் பார்த்தாள். ஒன்பது வருஷமாக மண் கொண்டுவந்து கொட்டுகிறான். உள்ளே என்ன நடக்கிறது என்று ஒருவரும் அவனுக்குச் சொன்னதில்லை.

"குச்சி ஐஸ் தின்னுருக்கியா?"

"இதென்னக்கா கேள்வி."

"கலரை எல்லாம் உறிஞ்சிட்டா என்ன மிஞ்சும்?"

"வெள்ளையா... கோடு கோடா நிக்கும்."

"அந்தக் கோடுதான் நம்ம பொழப்பு. எலும்புத் தூளைத் தண்ணியில கரைச்சு அச்சுல ஊத்துவோம். அடியில செப்புத் தட்டு. தட்டைக் கொஞ்சம் கொஞ்சமா குளிர வைப்போம். ஐஸு அடியிலேருந்து நாத்து மாதிரி நேரா மேல வளரும். வளரும்போதே தூளை ரெண்டு பக்கமும் ஒதுக்கித் தள்ளும். முழுசா உறைஞ்சதும் பெட்டியில வச்சுக் காத்தை இழுத்துடுவோம். ஐஸு உருகாமலே ஆவியாப் போயிடும். அப்புறம் சூளை. தூள் கல்லாயிடும், ஐஸு நின்ன இடமெல்லாம் சந்தாயிடும். மயிரை விடச் சன்னமான சந்து, அடியிலேருந்து நுனி வரைக்கும்."

"சந்து எதுக்கு?"

"உள்ள வச்சதும் அந்தப் பொண்ணோட ரத்தக்குழா அது வழியா ஏறும். பின்னாடியே அவ சொந்த எலும்பு வளந்து, நம்மளதோட பின்னிக்கும். அப்புறம் பிரிக்கவே முடியாது. சந்து இல்லைன்னு வை, ரத்தம் ஏறாது. சுத்தியிருக்கற சதை அழுக ஆரம்பிக்கும். மூணு மாசத்துல காலை எடுத்துடுவாங்க."

சவரி வேகத்தைக் கூட்டினான். முன்னால் போன நிலக்கரி லாரியை இடது பக்கமாக முந்தினான். லாரியிலிருந்து எந்திரக் குரல் திட்டியது.

"காலையில போனதுல ஏன்க்கா சந்து இல்ல?"

"தட்டைத் துடைக்கச் சொல்லிட்டாங்க, துடைச்சிட்டோம்."

"துடைச்சா நல்லதுதானே?"

"நானும் அப்படித்தான் நினைச்சேன். ஃப்ரிட்ஜுல சோடா பாட்டில் பாத்திருக்கியா? தண்ணியாவே இருக்கும். எடுத்து ஒரு தட்டு தட்டினா..."

"சட்டுனு மொத்தமும் கட்டியாயிடும்! பாத்திருக்கேன்!"

"அதேதான். துடைச்ச தட்டுல ஐஸுக்குக் காலூன இடம் இல்ல. மைனஸ் ஒம்பது வரைக்கும் தண்ணியாவே போக்கு காட்டிட்டு, பக்குனு ஒரே நேரத்துல உறைஞ்சிடுது. நேரா வளரல, தாறுமாறா வெடிச்சிடுது. அடியில தோல் மாதிரி மூடிக்கிது. வெளியே பாத்தா அழகு, சொட்டுக் குறை சொல்ல முடியாது. எந்திரம் எடை பாக்கும், அளவு பாக்கும், பலம் பாக்கும். எல்லாத்துலயும் பாஸு. எச்சில் பாக்கத் தெரியாது அதுக்கு."

"இதுல?" பெட்டியைக் கண்ணால் காட்டினான்.

"இதுல தட்டுல ஒரு பொட்டு வச்சிருந்தேன். கண்மை. கரியும் எண்ணெயும். ஐஸு அந்த ஒரு புள்ளியில காலூனி, மைனஸ் ரெண்டுலேயே ஆரம்பிச்சி, மெதுவா தட்டு பூரா பரவி, அப்புறம் நேரா மேல ஏறியிருக்கு. சூளையில மை எரிஞ்சு போச்சு. மை இருந்த இடத்துல ஊசித்துளை. இன்னைக்குத்தான் ரெண்டு வார்ப்போட குளிர்க் கணக்கையும் பக்கத்துல பக்கத்துல வச்சுப் பாத்தேன். அப்பத்தான் மண்டையில ஏறிச்சி."

"அப்ப இத்தனை வருஷமா தெரிஞ்சு வைக்கலையா நீ?"

"நானா?" மங்கைக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "திருஷ்டிக்கு வச்சேண்டா! கொழந்த கன்னத்துல வைக்கிற மாதிரி. நான் வச்சேன், என்னைப் பாத்து எல்லாப் பொம்பளைங்களும் வச்சாளுங்க. மூவாயிரம் எலும்பு. அத்தனைக்கும் பொட்டு."

சவரி தலையில் அடித்துக்கொண்டான். "கல்வெட்டுல கலவைன்னு எழுதி வச்சிருக்கானுங்களே!"

"அவங்களும் பொய் சொல்லலை. ஆரம்பத்துல பதினாறு எலும்பு செஞ்சோம். பதினாறும் பிடிக்கல. பதினாறு பேருக்கும் காலை எடுத்தாங்க. அதுல ஒருத்தர் தறிக்காரர். ஒரு டீச்சரம்மா. எல்லா ஆர்டர் தாளும் எங்கிட்ட இருக்கு. கம்பெனியை மூடுறதுன்னு முடிவாச்சி. கடைசியா ஒண்ணு பாக்கலாம்னு விஞ்ஞானி அய்யா கலவையில ஒரு பசையை மாத்தினாரு. அதே ஆர்டர்லதான் நான் முதமுதல்ல பொட்டு வச்சேன். பதினேழாவது பிடிச்சிக்கிச்சி. பசையாலன்னு அவரும் நம்பினாரு, நானும் நம்பினேன்."

"ஏன்க்கா அன்னைக்கு மட்டும் வச்ச?"

"போட்டோவுல ஒரு பையன். எட்டு வயசு. முன்பல் ரெண்டும் விழுந்து, ஆஸ்பத்திரிக் கட்டில்ல உக்காந்துக்கிட்டு இளிக்கிறான். கண்ணு படாம என்ன செய்யும்?"

"பையன் இப்ப நடக்கறானா?"

மங்கை வெளியே பார்த்தாள். சுரங்க மண்மேடுகள் சாம்பல் மலைகளாக ஓடிக்கொண்டிருந்தன. "நடக்கறான்," என்றாள்.

போன் அடித்தது. தர மேலாளர் இளம்பரிதி.

"மங்கைக்கா, கூண்டை உடைச்சது நீங்களா?"

"நான்தான் சார்."

"தணிக்கைக்காரங்க திரையிலேயே பாத்துட்டாங்க. உங்க மேல வெச்சிருந்த மரியாதைக்குக் கேக்கறேன். ரிஜெக்ட் பீஸை எங்க எடுத்துட்டுப் போறீங்க?"

"ஆஸ்பத்திரிக்கு. பச்சைச் சீட்டு எலும்புல வழி இல்லை சார். அடைச்சிருக்கு. ஆபரேஷனை நிறுத்தச் சொல்லி ஒரு நம்பர் குடுங்க."

"எதை வச்சு சொல்றீங்க?"

"நாக்கை வச்சு."

மறுமுனையில் ஒரு நீண்ட மூச்சு. "அக்கா. ரெண்டு வருஷமா அந்த ஊசித்துளையோட மல்லுக்கட்டறேன். ஒவ்வொரு எலும்புலயும் அதே இடத்துல ஓட்டை. அதுக்குக் காரணம் கண்மைன்னு கண்டுபிடிச்சப்போ எனக்கே வெக்கமா இருந்துச்சு. தட்டைத் துடைக்கச் சொல்லி, இனிமே துளை இருந்தா ரிஜெக்ட்னு விதி போட்டேன். முதமுதல்ல ஒரு துளி குறை இல்லாத எலும்பு செஞ்சிருக்கோம். அதை எடுத்துட்டு ஓட்டை எலும்பை வைக்கச் சொல்றீங்களா?"

"ஆமா சார்."

"இந்தக் கம்பெனி எலும்பு எவ்வளவு பெரிய விஷயம்னு எனக்கு யாரும் சொல்ல வேண்டாம். வண்டியைத் திருப்புங்க. இல்லைன்னா நானே வந்து வாங்கிப்பேன்."

"வாங்க சார். வந்தா நல்லதுதான்," என்று போனை வைத்தாள்.

*

பத்து நாற்பத்தொன்றுக்கு மருத்துவமனை வராந்தாவில் ஓடினாள். தியேட்டர் வாசலில் ஒரு தள்ளுகட்டில் நின்றது. பச்சைத் துணி போர்த்திய பெண் கூரையைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தாள். போட்டோவில் பார்த்த அதே தாடை.

"செம்பருத்தி?"

"ம். நீங்க?"

"உன் எலும்பை நான்தான் செஞ்சேன்."

பெண் தலையைத் திருப்பி, மங்கையை மேலிருந்து கீழ் வரை எடை போட்டாள். "தாங்குமா?"

"ஏழு பேரு மேல விழுந்தாலும் தாங்கும்."

"எட்டாவது ஆளு அம்பயர். அவரும் குண்டுதான்."

"அவரையும் தாங்கும். ஒரு அரை மணி பொறு, கண்ணு."

டாக்டர் தில்ஷாத் முகமூடியைக் கழுத்துக்கு இறக்கிக்கொண்டு வெளியே வந்தார். குள்ளமான உருவம், அதட்டலான குரல். "யாருங்க நீங்க? இங்க செருப்போட?"

மங்கை செருப்பைக் கழற்றி உதறிவிட்டு, மூன்றே வாக்கியத்தில் சொன்னாள். டாக்டர் பெட்டியின் சிவப்புச் சீட்டைப் படித்தார்.

"அம்மா, உங்க கம்பெனியே வேணாம்னு தள்ளினதை எடுத்துட்டு வந்து, நல்லாயிருக்குன்னு அனுப்பினதை வைக்காதேங்கறீங்க. நாளைக்கு இந்தப் பொண்ணுக்கு ஏதாவது ஆச்சுன்னா நான் என்ன பதில் சொல்றது? திருஷ்டிப் பொட்டுன்னா?"

"டாக்டர், அந்தப் பெட்டியைத் தொடாதீங்க!"

படிக்கட்டிலிருந்து குரல். இளம்பரிதி இரண்டிரண்டு படியாகத் தாவி ஏறி வந்தான். ஹெல்மெட் இன்னும் தலையில் இருந்தது. முப்பத்திரண்டு வயது. ஜெர்மனியில் மூன்று மடங்கு சம்பளத்தை விட்டுவிட்டு இந்த ஆலைக்கு ஏன் வந்தான் என்பது பேட்டையில் யாருக்கும் விளங்காத விஷயம். யோசிக்கும்போது வலது தொடையை விரல் முட்டியால் தட்டிக்கொள்வது அவன் பழக்கம். இப்போதும் தட்டினான்.

"இது திருட்டுச் சரக்கு. நான் எடுத்துட்டுப் போறேன்."

"எடுத்துட்டுப் போங்க சார்," என்றாள் மங்கை. "ஒரே ஒரு நிமிஷம். சாட்சிக் குச்சி ரெண்டும் எங்கிட்ட இருக்கு. நாக்கு வேணாம். உங்களுக்குப் பிடிச்ச மாதிரி கடிகாரத்தை வச்சே பாருங்க. நான் சொன்னது தப்புன்னா இங்கேயே போலீஸைக் கூப்பிடுங்க. நான் ஓட மாட்டேன். செருப்புகூட இல்லை."

இளம்பரிதி அவளைப் பார்த்தான். அவன் பிடிவாதக்காரன், ஆனால் நேர்மையானவன். சோதனை வேண்டாம் என்று சொல்ல அவனுக்கு வராது. மங்கைக்கு அது தெரியும்.

"டாக்டர், புண்ணுக்குப் போடற அந்தச் செம்மருந்து கொஞ்சம் கிடைக்குமா?"

நர்ஸ் ஒரு எஃகுத் தட்டில் மருந்தை ஊற்றினாள். இளம்பரிதி ஹெல்மெட்டைக் கழற்றிக் கீழே வைத்தான். இரண்டு குச்சிகளையும் இரண்டு கையில் எடுத்து, அடிப்பக்கம் மட்டும் மருந்தில் படும்படி நிறுத்தினான்.

"டாக்டர், நேரம் பாருங்க."

இடது கைக் குச்சியில் செம்பழுப்பு ஏறியது. விறுவிறுவென்று, வெயில் காலத்து மண்தரை தண்ணீர் குடிப்பது மாதிரி. பாதி. முக்கால். நுனி. அவன் விரல் நகம் வரை வந்து ஈரமாக்கியது.

"பதினோரு விநாடி," என்றார் டாக்டர்.

வலது கைக் குச்சி அப்படியே வெள்ளையாக நின்றது. அடியில் ஒரு மெல்லிய கோடு மட்டும். அரை நிமிடம். ஒரு நிமிடம். இளம்பரிதி குச்சியை விடவில்லை. இரண்டு நிமிடம்.

"எது பச்சைச் சீட்டு?" டாக்டர் கேட்டார், தெரிந்துகொண்டே.

"வலது," என்றான் இளம்பரிதி. "குறை பூஜ்யம்."

குச்சிகளைத் தட்டில் வைத்தான். சட்டைப் பையிலிருந்து போனை எடுத்தான். திரும்பப் பெறும் ஒப்புதல் எண்ணை மருத்துவமனைக்கு அனுப்பினான். அடுத்து ஆலைக்குப் பேசினான். "சூளையில இருக்கற எல்லாத்தையும் நிறுத்துங்க. துடைச்ச தட்டுல செஞ்ச எதுவும் வெளிய போகக் கூடாது. தணிக்கைக்காரங்ககிட்ட சொல்லுங்க, சான்றிதழ் வேண்டாம்னு. ஆமா, நான்தான் சொல்றேன்."

பிறகு சிவப்புச் சீட்டைப் பெட்டியிலிருந்து தானே கிழித்தான். "டாக்டர், இந்த எலும்புக்கு நான் கையெழுத்துப் போடறேன். துளையோட."

"நீராவியில இருபது நிமிஷம் வைக்கணும்," என்றார் டாக்டர், முகமூடியை ஏற்றிக்கொண்டே. "அம்மா, அந்தக் கண்ணாடி வழியா நின்னு பாருங்க. உங்களுக்கு உரிமை இருக்கு."

எலும்பை உள்ளே வைப்பதற்கு முன் நோயாளியின் ரத்தத்திலேயே நனைப்பது வழக்கம். வழக்கமாக முழுதாக முக்குவார்கள். இன்று டாக்டர் தில்ஷாத் அடிப்பக்கத்தை மட்டும் கிண்ணத்தில் தொட வைத்தார். கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்ற இருவருக்கும் தெரிகிற மாதிரி உயர்த்திப் பிடித்துக்கொண்டார்.

வெள்ளை எலும்பு அடியிலிருந்து சிவந்துகொண்டே வந்தது. ஒரு சாண் உயரமும் நிறைந்து, நுனியில் ஒரு சொட்டு ரத்தம் முத்தாகத் திரண்டு நின்றது.

மங்கையர்க்கரசி நெற்றியைக் கண்ணாடியில் முட்டிக்கொண்டு பார்த்தாள். "பாத்தியா," என்றாள் யாரிடமோ. "குடிக்குது பாத்தியா."

*

இரண்டு மணி நேரம் கழித்து டாக்டர் கட்டை விரலை உயர்த்திக் காட்டிவிட்டுப் போனார். மயக்கம் தெளியாமலே செம்பருத்தி, "கபடி, கபடி" என்று முனகியதாக நர்ஸ் வந்து சொன்னாள். சவரி வராந்தா முழுவதும் அதை நடித்துக் காட்டிவிட்டு டீ வாங்கப் போனான்.

பெஞ்சில் இளம்பரிதியும் மங்கையும் மட்டும்.

"வரைபடத்தை மாத்தணும்," என்றான் அவன். "அடியில ஊசித்துளை 0.4 மி.மீ. கட்டாயம் இருக்கணும். இல்லைன்னா ரிஜெக்ட். உங்க பேரைப் போடணும் அதுல."

"கல்வெட்டையும் மாத்துங்க சார். கீழ பதினாறு பேரு பேரும் போடுங்க. நான் தாள் தரேன். அவங்க காலு போனதுலதான் நாம கத்துக்கிட்டோம்."

"போடறேன். கூண்டு உடைச்சது, திருட்டு, எல்லாம் என் பேர்ல எழுதிக்கறேன். நீங்க மட்டும் அந்த ரெண்டாவது வார்ப்புல திருட்டுத்தனமாப் பொட்டு வைக்காம இருந்திருந்தா..."

"கை கேக்கலை சார். நீங்க துடைக்கச் சொன்னீங்க, துடைச்சேன். படிச்சவங்க சொல்றாங்க, நமக்கென்ன தெரியும்னு துடைச்சேன். அது என் தப்பு. ஆனா அந்தப் பொண்ணு போட்டோவைப் பாத்ததும் ஒண்ணுல மட்டும் வச்சிட்டேன்."

"ஆட்டோவுல வரும்போது சவரிகிட்ட சொன்னீங்களாமே. பதினேழாவதுல ஒரு பையன் போட்டோ."

"ஓட்டை வாயன். சொல்லிட்டானா?"

"யாரு அந்தப் பையன்?"

"பேரைச் சொல்லக் கூடாது சார். தாள்லயே ரகசியம்னு அச்சடிச்சிருக்கும்."

"வயசு?"

"எட்டு."

"வருஷம்?"

"ஆச்சு, இருபத்து நாலு."

இளம்பரிதியின் விரல் முட்டி வலது தொடையில் 'டொக் டொக்' என்று தட்டிக்கொண்டிருந்தது. சட்டென்று நின்றது. மங்கை தன் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"கம்பெனியில யாருக்கும் தெரியாது," என்றான் மெதுவாக. "தெரிஞ்சா சலுகைன்னு சொல்லுவாங்கன்னு சொல்லலை. நான் எத்தனாவதுன்னு எனக்கே தெரியாது. அப்பா தாள் எதையும் வைக்கலை. எனக்குக் கிடைச்சது மாதிரி ஒண்ணு எல்லாருக்கும் கிடைக்கணும், ஒரு குறை இல்லாம. அதுக்குத்தான் திரும்பி வந்தேன். வருஷா வருஷம் ஸ்கேன் எடுக்கறேன். அடியில ஒரு சின்னப் புள்ளி தெரியும். ஆணி அடிச்ச தடம்னு சொல்லியிருந்தாங்க."

மங்கையர்க்கரசி முதல் தடவையாக அவன் முகத்தை நேராகப் பார்த்தாள். இரண்டு வருஷமாக 'சார்' என்று அழைத்தவள், அந்த வார்த்தையை எடுக்கவில்லை.

"அன்னைக்கு விடியக்காலையிலேருந்து தியேட்டர் வாசல்லதான் உக்காந்திருந்தேன், தம்பி. உன் ஆபரேஷன்ல அவங்க ஆணியே அடிக்கலை."